கையில் கொடுத்தால் வீட்டுக்குத்தானே?

நம் கோயில் மணிக்கூண்டில் பெரிய மணியை ஏற்றியது நான். கிரேன் இல்லாமல் முடியாது என்று இன்ஜினியர் கையை விரித்துவிட்டுப் போனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு செயின் கப்பியை இரவல் வாங்கிவந்து, ஆறு பேரை வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏற்றி முடித்தேன். கல்லறைத் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தது நான். முதல் மைக் செட்டை வாங்க வைத்தது நான். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்தபோது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஜனங்களை முன்வரிசையில் நின்று பதில் சொல்ல வைத்தது நான். சுவரோடு ஒட்டியிருந்த பலிபீடத்தைப் பெயர்த்து ஜனங்களைப் பார்க்க வைத்தார்களே, அன்றைக்குக் கடப்பாரை பிடித்த கைகளில் இரண்டு என்னுடையவை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அப்பா நசரத்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சிபாரிசுக்கு ஆள் இல்லாமல் வந்து, பதினொரு பங்குச் சாமியார்களுக்கு நாற்பத்தேழு வருஷம் கோயில்பிள்ளையாக இருந்தேன். பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பவன், விளக்கேற்றுபவன், மணி அடிப்பவன், சாவி வைத்திருப்பவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறை நடந்தால் திட்டு வாங்குபவனும் அவன்தான்.

இதை எழுத வைத்தது ஒரு மனு. பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கும் இளைஞர்கள் சிலர், ஐ.டி. கம்பெனியில் வேலை, பக்தியுள்ள பிள்ளைகள். கிராதி திரும்ப வேண்டும் என்று ஃபாதரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிராதி என்பது பீடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே இருந்த இடுப்பளவு மரத்தடுப்பு. அதன்முன் முழங்காலில் நின்று நாக்கில்தான் நற்கருணையை, ஆண்டவரின் உடலாக மாறிய அப்பத்தை, வாங்குவோம், கையில் வாங்குவது மரியாதை இல்லை, ஆதியிலிருந்து வந்த பழக்கத்தை நடுவில் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. அவர்களில் ஒருவர் என்னிடமே வந்து, "ஐயா, கிராதிய இடிச்சது நீங்கதானாமே? எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

பத்து வயதில் பூசை உதவிக்குப் போனேன். சாமியார் சுவரைப் பார்த்து நிற்பார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். "தோமினுஸ் வோபிஸ்கும்" என்பார். "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்போம். இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதிருந்த கோயில்பிள்ளையிடம் கேட்டேன். "சர்வேசுரனுக்குத் தெரியும். நீ சொல்லு" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான். அந்தச் சர்வேசுரன் பிறகு இறைவன் ஆனார். சேசு இயேசு ஆனார். திவ்விய பூசை திருப்பலி ஆனது. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆனது. சாமியார் ஃபாதர் ஆனார். கோயில்பிள்ளைக்கு மட்டும் யாரும் புதுப்பெயர் வைக்கவில்லை.

வேலையைச் சொல்கிறேன், இன்று செய்பவர்களுக்கு உதவும். மெழுகுதிரி ஏற்றும்போது சிலுவைக்குப் பக்கத்திலிருந்து வெளியே போக வேண்டும். அணைக்கும்போது வெளியிலிருந்து சிலுவையை நோக்கி வர வேண்டும். நற்கருணைக்கு, அப்போது அதை 'நன்மை' என்போம், கிராதியின் மேல் வெள்ளைத் துணி விரிப்பேன். ஜனங்கள் துணிக்கு அடியில் கையை வைத்துக்கொள்ள வேண்டும். சாமியார் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாக்கில் வைத்துக்கொண்டே போவார். நான் பின்னோக்கி நடந்தபடி ஒவ்வொருவர் தாடைக்கும் கீழே பித்தளைத் தட்டைப் பிடிப்பேன். பல் படக்கூடாது. என் அம்மா காலத்தில் முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது; அப்புறம் மூன்று மணி நேரம் என்றார்கள், அப்புறம் ஒரு மணி நேரம் என்றார்கள். அப்பம் கீழே விழுந்தால் சாமியார் மட்டும்தான் எடுக்கலாம். விழுந்த இடத்தைத் துணியால் மூடி, பூசை முடிந்ததும் கழுவி, அந்தத் தண்ணீரைக் கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். என் தட்டைத் தாண்டி ஒரு துகள் தரைக்குப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இனி இஞ்ஞாசி சாமியார். பதினொருவரில் எனக்கு மிகவும் பயம் அவரிடம்தான், ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதற்கும் அவரிடம் ஒரே சொல்: "அப்படியா." சட்டென்று சொன்னால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் நம்பவில்லை. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தால், எதிரே நிற்பவனுக்கு அன்று நேரம் சரியில்லை.

அவர் காலத்தில்தான் நன்மையைக் கையில் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் செய்து காட்டினார்: இடது உள்ளங்கை மேலே, வலது கை அதைத் தாங்க வேண்டும், வாங்கியதும் வலது கையால் எடுத்து, ஒரு அடி நகர்ந்து, அங்கேயே நின்று வாயில் போட வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. கண்ட கையும் தொடுவதற்கா இத்தனை வருஷம் தட்டுப் பிடித்தேன் என்று மனத்துக்குள் பொருமினேன்.

அந்த மூன்று ஞாயிறும் கோயிலுக்கு வராதவன் ஒருவன் இருந்தான். முனுசாமி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை; மூன்று வாரமும் அவனுக்கு ஞாயிறு ஷிப்ட். தெரேஸைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவன். வைத்த பெயர் மத்தியாஸ். ஆனால் தெரேஸ் உட்பட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தெரேஸ் பரம்பரை வேதக்காரி, பிறவியிலேயே கிறிஸ்தவர். லாரித் தண்ணீர் பிடிக்கப்போய் வழுக்கி விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, காட்டுப்பாக்கத்தில் வீட்டோடு படுக்கை. மாதம் முதல் வெள்ளி சாமியார் நன்மை கொண்டுபோவார்; நான் மணியும் மெழுகுதிரியுமாக முன்னால் நடப்பேன். அந்த வருஷம் மழை. சாமியாருக்கும் காய்ச்சல். இரண்டு மாதம் போகவில்லை. தெரேஸ் ஒவ்வொரு ஞாயிறும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பதாக முனுசாமி என்னிடம் சொல்லியிருந்தான். சரி சரி என்று விட்டுவிட்டேன்.

நாலாம் ஞாயிறு அவன் வந்தான். முன்னால் போனவர்களைப் பார்த்துக் கையை நீட்டினான். வாங்கினான். நகர்ந்தான். வாயில் போடவில்லை. புதுக் கர்சீப் ஒன்றை விரித்து, அதில் வைத்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டான். வேறு யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணுக்குத் தப்புமா? பூசை முடிந்து ஜனங்கள் கலையும்போது வாசலில் மறித்தேன்.

"யோவ், நில்லு. பாக்கெட்ல இன்னா வச்சிகினுகீறே?"

"நன்மை, அண்ணாத்தே," என்றான், தீப்பெட்டி வைத்திருக்கிறேன் என்பதுபோல. கர்சீப்பை எடுத்தும் காட்டினான். "ஊட்டுக்கு எட்துகினு போறேன்."

"திருட்டுப் பயலே!" என்று கத்தி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

பிடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. விட்டால் போய்விடுவான். பிடுங்கலாம் என்றால் எனக்கு அதைத் தொட அதிகாரம் இல்லை. நான் அவன் கையைப் பிடித்திருக்கிறேன், அவன் கர்சீப்பைப் பிடித்திருக்கிறான், உள்ளே ஆண்டவர் இருக்கிறார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. பங்குக் கமிட்டித் தலைவர் ராயப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"மந்திரவாதிகிட்ட குடுக்கத்தான் எட்துகினு போறான்! இவன உள்ள உட்டதே தப்பு. நேத்து வரிக்கும் முனுசாமி, இன்னிக்கு மத்தியாஸா? பங்குப் புஸ்தகத்துல இவங்க ஊட்டுப் பேர அடிங்க. இனிமே சாமியார் அந்தப் பக்கம் போவக்கூடாது. செத்தா நம்ம கல்லறைல எடமும் கிடையாது."

ராயப்பன் அப்போது சொன்னால் நடக்கும். பெயர் போனால் படுக்கையில் கிடக்கிற தெரேஸுக்கு நன்மையும் இல்லை, மண்ணும் இல்லை. இது முனுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கர்சீப்பை விடவில்லை.

"இன்னா அண்ணாத்தே நீ? கையில குட்தாங்க. கையில குட்தா ஊட்டுக்கு எட்துகினு போவத்தானே? வாய்ல வச்சிருந்தா நான் இன்னாத்த எட்துகினு போவப்போறேன்? எங்கம்மா கோயில்ல துன்னூறு குட்தா, பாதிய மடிச்சிகினு வந்து, படுத்துகினுகீற எங்க நைனாவுக்கு இட்டு உடும். இது அதவிடப் பெருசுன்னு நீதான சொன்னே?"

சொன்னது நான்தான். ஞானஸ்நானத்துக்கு முன் அவனுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

சாமியார் பூசை உடுப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். ராயப்பன் நடந்ததைச் சொன்னார்.

"அப்படியா," என்றார். கண்ணாடியைக் கழற்றினார். முனுசாமி தொலைந்தான் என்று நினைத்தேன். துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் பார்த்தது என்னை.

"சவரி, கையை விடு."

"உட்டா ஓடிடுவான், சாமி."

"எங்க ஓடுவான்?"

"ஊட்டுக்கு."

"யாருகிட்ட?"

"அவன் பொஞ்சாதிகிட்ட."

"அப்படியா," என்றார் சட்டென்று.

விட்டேன். "ராயப்பன், புஸ்தகம் என் அறையில இருக்கு. அதுல அடிக்கிறதும் எழுதறதும் என் வேலை," என்றார். பிறகு முனுசாமியிடம், "பாக்கெட்ல வேணாம். ரெண்டு கையிலயும் மூடிப் பிடிச்சுக்க. நீயே கொண்டு வா," என்றார். "சவரி, குடையை எடு."

குடையோடு, பழக்கதோஷத்தில், மணி, மெழுகுதிரி, தட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காட்டுப்பாக்கம் வரை தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். முனுசாமி முன்னால், காற்றில் விளக்கை மூடிக்கொண்டு போவதுபோல இரண்டு கையையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு. எனக்கு ஆறவில்லை.

"சாமி, காலங்காலமா நாக்குல வாங்கறத உட்டுட்டு இதெல்லாம் தேவையா?"

"எந்தக் காலத்திலிருந்து, சவரி?"

"சேசுநாதர் காலத்துலேந்து."

"அப்படியா," என்று இழுத்தார். "ஆரம்பத்துல கோயிலே கிடையாது. யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுவாங்க. கையிலதான் கொடுப்பாங்க. வர முடியாதவங்களுக்குத் துணியில சுத்திக் கொடுத்தனுப்புவாங்க. சில பேர் வீட்டுல வச்சிருந்து தினம் காலையில கொஞ்சம் சாப்பிடுவாங்க."

"யாரு, சாமியாருங்களா?"

"மாவு அரைக்கிறவன். துணி வெளுக்கிறவன். அடிமை."

"கீழ சிந்தினா?"

"சிந்துமே, திருடுவாங்களேன்னு பயந்துதான் பின்னால நாக்குக்கு மாத்தினாங்க, பல நூறு வருஷம் கழிச்சு. மரியாதை வளர்ந்துச்சு, கூடவே பயமும் வளர்ந்துச்சு. கடைசியில ஜனங்க வாங்கறதையே விட்டுட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஈஸ்டர் பாஸ்காவுக்காவது வாங்குங்கன்னு சட்டம் போட வேண்டியதாப்போச்சு. மத்த நாளெல்லாம் தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போறதுதான். நான் அப்பத்தை உயர்த்தும்போது நீ மணி அடிக்கிறியே, அது எதுக்கு?"

"மரியாதைக்கு."

"இப்பப் பாருங்கடான்னு சொல்றதுக்கு. சாப்பிடாத ஜனங்க பார்த்தாவது போகட்டும்னு."

அந்த மணியை நான் பத்து வயதிலிருந்து அடிக்கிறேன். ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. மீதி வழி வாயைத் திறக்கவில்லை.

சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. மணிச் சத்தம் கேட்டதும் தெரேஸ் படுத்தபடியே முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பிறகு, கர்சீப் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

"அய்யய்யோ! நீ இன்னாத்துக்குய்யா தொட்டே? கரிக் கையோட! சாமி, இவுருக்கு ஒண்ணும் தெரியாது சாமி, இவுர மன்னிச்சிடுங்க."

"நீ கேட்டுகினே இருந்தியேன்னுதான்..." என்றான் முனுசாமி.

"கேட்டா? சாமியார் கையால கேட்டேன். உன் கையாலயா கேட்டேன்?" தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் வாங்க மாட்டேன்."

கோயில் வாசலில் ராயப்பனிடம் கலங்காமல் நின்றவன் இங்கே கலங்கிவிட்டான். சாமியார் பாயில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தெரேஸ் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"சாமி, இவுரு தொட்டது செல்லுமா?"

"செல்லும்."

"அப்ப கோயில்பிள்ளை மூஞ்சி ஏன் அப்பிடிகீது? இவுரு கைல வெரல் தடம்கீதே, அவர் புட்ச்சாரா?"

சாமியார் என்னைப் பார்த்தார். பதிலை அவர் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது. அதுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கிறாற்போல ஒன்றும் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

"தெரியாம புட்ச்சிட்டேம்மா," என்றேன். "அவன் பண்ணது சரிதானாம். பழைய காலத்து வழக்கமாம். எனக்குத்தான் தெரியல."

தெரேஸ் தலையைத் திருப்பினார். சாமியார் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். நானும் முனுசாமியும் ஒரே குடைக்குள் நின்றோம். அவன் மணிக்கட்டில் என் நாலு விரலும் பதிந்திருந்தன.

உள்ளே கூப்பிட்டார். முனுசாமி கர்சீப்பைப் பிரித்தான். அப்பம் இரண்டாக உடைந்திருந்தது. வாசலில் நான் பிடித்த பிடியில் உடைந்தது. தெரேஸ் பார்த்துவிட்டு, "உடைஞ்சிகீதே, சாமி," என்றார்.

"ரெண்டிலயும் முழுசாத்தான் இருக்கார்மா," என்றார் சாமியார். "முனுசாமி, கொடு."

கரிபடிந்த இரண்டு விரலால் ஒரு பாதியை எடுத்து, தெரேஸின் நாக்கில் வைத்தான். நான் தட்டைத் தாடைக்குக் கீழே பிடித்திருந்தேன். எள்ளளவு துகள் ஒன்று தட்டில்தான் விழுந்தது.

மீதிப் பாதியைச் சாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ இன்னிக்கு சாப்பிடலியே?"

"எனக்குக் குட்தது அதுதானே, சாமி," என்றான் முனுசாமி.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை அல்ல. பிறகு அந்தப் பாதியை எடுத்து அவன் இடது உள்ளங்கையில் வைத்தார். "இதை இங்கேயே சாப்பிடு," என்றார். முனுசாமி சாப்பிட்டான்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு மற்றவர்களும் நன்மை கொண்டுபோக அனுமதி கேட்டு, சாமியார் மேற்றிராணியாருக்கு, அதாவது ஆயருக்கு, கடிதம் எழுதினார். அனுமதி வர அடுத்த பாஸ்கா ஆகிவிட்டது. அதுவரை ஞாயிறுதோறும் என் சைக்கிள் கேரியரில் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அவரே வந்தார், மிதித்தது நான். அனுமதி இரண்டு பேருக்கு வந்தது, முனுசாமிக்கும் எனக்கும். நன்மை எடுத்துப்போக, அவன் பட்டறையில் பித்தளையில் ஒரு சின்னச் சிமிழ் கடைந்து வாங்கிவந்தான். தெரேஸ் அதற்குப்பின் ஆறு வருஷம் இருந்தார். ஒரு ஞாயிறும் தவறவில்லை. நம் கல்லறையில்தான் இருக்கிறார். பின்னாளில் ராயப்பன் பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்கு நன்மை கொண்டுபோனதும் முனுசாமிதான். வாசலில் நின்று, "தலைவரே, மத்தியாஸ் வந்துகீறேன்," என்று குரல் கொடுப்பானாம். ராயப்பனுக்குப் பாதி வாயில் சிரிப்பு வருமாம்.

கிராதியை இடித்தது அந்த மழைக்கு அடுத்த வருஷம். இடிக்க மனசு வந்ததா என்று கேட்ட தம்பிக்கு: வரவில்லை. துணி விரித்துப் பழகிய கை. ஆனால் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் இரண்டு மாதம் காத்துக் கிடந்ததும், அவளுக்காகத் தன் பங்கைச் சாப்பிடாமல் எடுத்துப் போனவனை நான் திருடன் என்றதும் எனக்குத் தெரியும். முழங்காலில் நின்று வாங்க ஆசையா, தாராளமாக நில்லுங்கள். நானும் முட்டி நல்லாயிருந்தால் நிற்பேன். கொரோனாவில் செல்போனில் பூசை பார்த்துவிட்டு, வாங்க முடியாமல் அழுதவர்கள்தானே நாம். எப்படி வாங்கினாலும் சரி. ஆதியிலிருந்து இப்படித்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் அந்த மழையில் வாயை மூடினேன்.

கடைசியாக ஒன்று. நம் கோயில் விழா மலருக்கு அச்சுக்குப் போகும் பக்கத்தை நேற்று கமிட்டியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். 'நோயாளிகளுக்கு இல்லம் தேடி நற்கருணை வழங்கும் பணி தந்தை இஞ்ஞாசி அவர்களால் தொடங்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. தப்பு. அதைத் திருத்துங்கள். முதல் பெயர் முனுசாமி. மத்தியாஸ் என்று போட்டால் அவனையே அடையாளம் தெரியாது. இரண்டாவது பெயர் என்னுடையது. மூன்றாவதாகச் சாமியாரைப் போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கையைப் பிடித்தவனுக்கு எதற்கு இடம் என்று கேட்பீர்கள். நான் பிடிக்காமல் விட்டிருந்தால் அவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பான், சாமியாருக்குத் தெரிந்திருக்காது, கடிதம் போயிருக்காது, இந்தப் பங்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவருக்கும் முதல் வெள்ளி தவிர வேறு நாளில் நன்மை வந்திருக்காது. ஆகவே பிடித்ததையும் போடுங்கள், திருடன் என்றதையும் போடுங்கள், பக்கத்திலேயே என் பெயரையும் போடுங்கள். சவரிமுத்து. ஆறே எழுத்து, இடம் பற்றாது என்று சொல்லாதீர்கள்.